காட்டனும் காட்டான்களும்

வா பேராண்டி, உட்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், கயித்துக் கட்டில் அங்க தொங்கிப்போய்க் கிடக்கு. உங்கப்பன் உட்கார்ந்து உட்கார்ந்து பண்ணின பள்ளம் அது. நீதான் எஞ்சினியராச்சே, பாரத்தை எங்க வைக்கணும், எங்க வைக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாமயா இருக்கும்.

சேதி வந்துச்சு. ஆர்தர் காட்டனுக்கு உங்க ஆபீஸ்ல நினைவுக் கூட்டம் வச்சிருக்காங்களாம். நீ அஞ்சு நிமிஷம் பேசணுமாம். 'தாத்தாகிட்ட ரெண்டு பாயின்ட் வாங்கிட்டு வர்றேன்'னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பினியாம். நாலு வருஷம் பீஸ் கட்டிப் படிச்சவன், எட்டாங்கிளாஸ் தாண்டாத பழைய லஸ்கர்கிட்ட பாயின்ட் கேக்குறான். நாடு உருப்பட்டுரும்.

இல்ல, கேக்குறதுல தப்பில்ல. முப்பது வருஷம் மதகுச் சாவியைத் தூக்கிக்கிட்டுக் கரையில அலைஞ்சவன் நான். ரிட்டயர் ஆன ஓவர்சியர் ஒருத்தர் வீட்டைக் காலி பண்றப்ப, பழைய புத்தகம் ஒரு சாக்கு குடுத்துட்டுப் போனாரு. கரையான் தின்னது போக மிச்சத்தை நான் தின்னேன். எழுதி வச்சிருக்கியா? படி பாப்போம்.

'மாமனிதர், தியாகச் செம்மல், தஞ்சைத் தரணியை வாழவைத்த தெய்வம்.' போதும், நிறுத்துடா. இதுல காட்டன்கிற பேரை அடிச்சிட்டு எவன் பேரை எழுதினாலும் பொருந்தும். உங்க மாமா அறுபதாங்கல்யாணத்துக்கு அச்சடிச்சாங்களே வாழ்த்து மடல், அதுலயும் இதேதான் இருந்துச்சு. அவரு எந்தத் தரணியை வாழவச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

நான் ஒரு வழி சொல்றேன். மேடையில ஏறினதும், 'தோழர்களே, தயவுசெய்து இந்த ஆளை மாதிரி மட்டும் ஆயிடாதீங்க'ன்னு ஆரம்பி. முன்வரிசையில தூங்குற பெரிய ஆபீசர் முழிச்சுக்குவாரு. அதுக்கப்புறம் நடந்ததை நடந்தபடி சொல்லு. அந்த வெத்தலைப் பெட்டியை இப்படித் தள்ளு.

1803-ல பொறந்தாரு. அப்பனுக்குப் பதினோரு பையன், இவரு பத்தாவது. பத்தாவது பிள்ளைக்குப் பாகப்பிரிவினையில என்ன வரும்? வரப்புகூட வராது. பதினஞ்சு வயசுல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நடத்தின அடிஸ்காம்ப் ராணுவப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டாங்க. பதினெட்டு வயசுல, 1821-ல, மெட்ராஸ்ல கப்பல் இறங்கினாரு. மதராஸ் எஞ்சினியர்ஸ் பட்டாளம். எஞ்சினியரும் அவரே, சிப்பாயும் அவரே. உனக்கு ஒரு கையில டேப்பு, அவருக்கு இன்னொரு கையில துப்பாக்கி. கொஞ்ச நாள் பாம்பன் கால்வாயை அளந்தாரு. அதுக்குள்ள 1824-ல பர்மாச் சண்டை வந்துருச்சு. ரெண்டு வருஷம் காடு, மழை, காய்ச்சல். அந்தச் சண்டையில வெள்ளைக்காரப் பட்டாளத்துல குண்டடி பட்டுச் செத்தவனைவிட நோவு கண்டு செத்தவன் ரொம்ப ஜாஸ்தி. இவரு பொழைச்சு வந்தாரு, உடம்பு மட்டும் ஓட்டைச் சாலாயிட்டுது. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் வேலை, அப்புறம் மருத்துவ லீவுன்னு ஓடுச்சு. உங்க ஆபீஸ்ல சில பேர் வேலையே பாக்காம லீவு போடுறாங்களே, அந்தக் கணக்கு வேற.

அந்தக் காலத்துலதான் பக்தியும் வந்து சேர்ந்துச்சு. பக்தின்னா எப்படி? நம்ம பூண்டி மாதா கோவில்ல போய் மெழுகுவத்தி ஏத்திட்டு, அப்படியே ஆத்துல ஒரு குளியலும் போட்டுட்டு வர்றோமே, அந்த ரகம் கிடையாது. அவரு புராட்டஸ்டன்ட். பைபிளைக் கையில வச்சுக்கிட்டு, 'இதுல எழுதியிருக்கே, ஏன் நீங்க செய்யல?'ன்னு ஆள் ஆளாக் கேட்டுக்கிட்டுத் திரியிற ரகம். அந்த மாதிரி ஆளை ஊர்ல ஒருத்தருக்கும் பிடிக்காது. வேலைக்கு வச்சிருக்கிறவனுக்கு அறவே பிடிக்காது. பசிச்சவனுக்குச் சோறு போடுன்னு வேதத்துல இருக்கா, அப்ப பஞ்சம் வராம பண்றதுதான் கிறிஸ்தவ சர்க்காருக்கு முதல் கடமைன்னு பிடிச்சுக்கிட்டாரு. கம்பெனிக்காரனுக்கு வேதம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த ஆறு நாளும் கிஸ்தி.

இப்ப காவேரிக்கு வருவோம். 1828-ல காவேரியைப் பாருன்னு இவரை விட்டாங்க. முக்கொம்பு போயிருக்கியா? ஆமா, போயிருக்க. அந்தப் பொண்ணோட. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? லஸ்கர்மாருக்கு அங்கேயும் ஆள் உண்டு. சரி விடு. அங்க நின்னு ஆத்தைப் பாத்தியா, அந்தப் பொண்ணையே பாத்துக்கிட்டு இருந்தியா? பாத்திருந்தா ஒண்ணு தெரிஞ்சிருக்கும். சீரங்கத்துத் தீவோட மேக்கு முனையில ஆறு ரெண்டாப் பிரியுது. வடக்கால போறது கொள்ளிடம், தெக்கால வர்றது காவேரி. கொள்ளிடம் குறுக்குவழியாக் கடலுக்கு ஓடுது, தரையும் சரிவு. காவேரி நம்ம வீட்டுப் பெரியம்மா மாதிரி, ஊர் ஊரா நின்னு விசாரிச்சுக்கிட்டு நிதானமாப் போறவ. தண்ணி எங்க ஓடும்? சரிவுலதான் ஓடும். வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் பள்ளமாகுது, காவேரி வாயில மணல் மேடு ஏறுது. தஞ்சாவூர் ஜில்லாவை 1799-ல கம்பெனிக்காரன் கையில எடுத்தான். வரியை எடுக்கத் தெரிஞ்ச அளவுக்கு மணலை எடுக்கத் தெரியல. முப்பது வருஷத்துல வாய்க்கால் எல்லாம் தூர்ந்துபோயி, விளைஞ்ச நிலம் தரிசாகிக்கிட்டே வந்துச்சு.

அங்கதான் இந்த ஆளு ஒரு கேவலமான காரியம் பண்ணினாரு. கூட்டத்துல இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லு. சீமையில படிச்ச எஞ்சினியரு, பட்டாளத்து அதிகாரி, ஜெயிச்ச ஜாதி. அவரு போயி கல்லணை முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாடம் படிச்சாரு!

கரிகாலன் கட்டினதுன்னு நாம சொல்ற அணை. நீளம் ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல. அது எது மேல நிக்குது தெரியுமா? மணல். எத்தனை ஆழம் தோண்டினாலும் மணல்தான், பாறை கிடைக்காது. சீமைப் புத்தகப்படி அங்க அணை கட்டவே முடியாது. அப்ப இது எப்படி நிக்குதுன்னு உள்ள பாத்தா, செதுக்காத முரட்டுக் கல்லும் களிமண்ணும். அவ்வளவுதான். மணல்ல கல்லைப் போடு, அது இறங்கும். இறங்கட்டும், அது மேல இன்னொண்ணு போடு, அதுவும் இறங்கும். எப்ப இறங்க மாட்டேங்குதோ அப்ப அதுதான் அஸ்திவாரம். ஆத்தோட சண்டை போடாம, 'நீ எவ்வளவு முழுங்கணுமோ முழுங்கிக்க தாயி, நான் காத்திருக்கேன்'னு உட்கார்ந்தவன் கட்டினது. கட்டினவன் ஒருத்தன் பேரும் எங்கயும் எழுதியில்ல. ராசா பேரு மட்டும் நின்னுச்சு.

இதைப் பாத்துட்டு ஒரு அதிகாரி என்ன பண்ணணும்? ரிப்போர்ட்டுல 'எனது தீவிர ஆய்வின் பயனாக'ன்னு எழுதி மேல அனுப்பணும். பதவி உயர்வு வரும். இவரு என்ன எழுதினாரு? ஆழம் காணாத மணல்ல அஸ்திவாரம் போடுறதை இந்த ஊர் ஆளுங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிட்டோம், அதுக்கப்புறம் நாங்க கட்டின அணை, பாலம் அத்தனைக்கும் அவங்களுக்குத்தான் கடன்பட்டிருக்கோம்னு எழுதிட்டாரு. பொழைக்கத் தெரியாதவரு.

அதோட விட்டாரா? இன்னொண்ணும் எழுதினாரு. நாட்டைப் பிடிச்சுட்டு, பழைய ராசாக்கள் கட்டின ஏரியையும் அணையையும் பழுது பாக்கக்கூட நாதியில்லாம வெள்ளைக்காரங்க உட்கார்ந்திருந்தாங்கல்ல, அதைப் பாத்து நம்ம சனங்க, 'சண்டை போட மட்டும் தெரிஞ்ச, உடுப்பு மாட்டின காட்டான்கள்'னு பேசிக்கிட்டாங்களாம். அந்த வசவை அப்படியே வாங்கித் தன் சாதிசனத்துக்கே எழுதிக் காட்டினாரு. காட்டான்னு திட்டினதை எழுதி வச்ச ஒரே காட்டன் அவருதான்டா. சிரிக்காத, மேடையில நான் சொன்னதா சொல்லாத.

1836-ல கொள்ளிடத்துக்குக் குறுக்கால மேலணை, அதாவது நம்ம முக்கொம்பு. கிழக்கால அணைக்கரையில கீழணை. ரெண்டையும் ஆத்து மணல்லயே நிறுத்திட்டாங்க. கீழணையால தேங்குற தண்ணிதான் இன்னிக்கும் வடவாறு வழியா வீராணத்துக்குப் போவுது. அங்கேர்ந்து மெட்ராசுக்குக் குடிதண்ணி. மேலணையால காவேரி வாய் திறந்துச்சு. காஞ்சுகிடந்த ஜில்லா, வரி கட்டுறதுல முன்வரிசைக்கு வந்துருச்சு. பருத்தி புடவையாக் காய்ச்ச மாதிரின்னு சொல்வாங்க. காட்டன் வயலாக் காய்ச்சாரு.

ஆனா நீ எழுதி வச்சிருக்கியே, 'பிழையற்ற பேரறிவு'ன்னு, அதை அடி. நல்லா பேனாவை அழுத்தி அடி. அணை கட்டினதும் என்ன ஆச்சு? காவேரிக்குத் தண்ணி பத்தலைன்னு அழுதாங்க, இப்ப ஜாஸ்தி ஆயிருச்சு. காவேரி வாய் அரிச்சு ஆழமாகுது, அகலமாகுது. அந்தப் பக்கம் கொள்ளிடம் மேடாகுது. நோவு அப்படியே பக்கம் மாறிப் படுத்துக்கிச்சு. 1843-ல மேலணையோட நடுப்பகுதியைக் கொஞ்சம் உயரம் குறைச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுக் காவேரி வாய்க்கும் குறுக்கால ஒரு தடுப்பு போட வேண்டியதாப் போச்சு. ஆத்துக்கு ஒரு பக்கம் வைத்தியம் பாத்தா மறுபக்கம் பேதியாகும். இதை உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா? சொல்லியிருப்பாங்க. நீ அன்னிக்குக் கேன்டீன்ல இருந்திருப்ப.

அந்த மேலணைதான் 2018 ஆகஸ்ட்டுல போச்சு. தண்ணி பாஞ்ச பாய்ச்சல்ல ஒன்பது மதகு ராத்திரியோட ராத்திரியா உடைஞ்சு விழுந்துச்சு. நூத்தி எண்பத்திரெண்டு வருஷம் நின்னது. மணல் அள்ளினதுதான் காரணம்னு ஒருத்தன், வயசாயிருச்சுன்னு இன்னொருத்தன். டிவியில ஒரு வாரம் கச்சேரி. நான் போய்ப் பாத்தேன். பக்கத்துல நின்ன பையன் ஒருத்தன், 'வெள்ளைக்காரன் கட்டினது, இவ்வளவு நாள்தான் தாங்கும்'னான். தம்பி, நீ போன வருஷம் வாங்கின உன் வண்டி எத்தனை தடவை மெக்கானிக் கடைக்குப் போச்சுன்னு கேட்டேன். போயிட்டான்.

டீ வருது, குடி. சர்க்கரை கம்மியாத்தான் இருக்கும், உங்க பாட்டிக்கு என் இரத்தத்தைப் பத்திக் கவலை.

ரயிலைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இது நல்ல வேடிக்கை. காட்டனுக்கு ரயிலைக் கண்டா ஆகாது. ரயிலுக்குக் கொட்டுற காசைக் கால்வாய்க்குக் கொட்டு, சரக்கும் மலிவாப் போவும், போற வழியெல்லாம் பயிரும் விளையும்னு ஆயுசு பூரா கத்தினாரு. 1854-ல அதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டாரு. அதுல எனக்குச் சம்மதம்தான், தண்டவாளத்துல நாத்து நட முடியாது. ஆனா இந்த நாட்டுலயே முதல் தண்டவாளம்னு சொல்றாங்களே, 1837-ல செங்குன்றத்துலேர்ந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல்லு ஏத்திட்டுப் போனது, அதைப் போட்டது யாரு? நம்மாளுதான்! அப்புறம் கோதாவரியில அணை கட்டுறப்பவும் குவாரிக் கல்லை இழுக்கத் தண்டவாளம். பெண்டாட்டியைத் திட்டிக்கிட்டே அவ வச்ச ரசத்தை மூணு தரம் ஊத்திக்கிற மாதிரி.

பெண்டாட்டின்னதும் ஞாபகம் வருது. உடம்பு படுத்தி டாஸ்மேனியாத் தீவுக்கு லீவுல போனவரு, 1841-ல அங்கதான் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. முப்பத்தெட்டு வயசு. உனக்கு இன்னும் பத்து வருஷம் டயம் இருக்குன்னு உங்கம்மாகிட்ட நான் சொல்லிப் பாக்குறேன். முக்கொம்பு விஷயத்தைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கோதாவரி. 1832, 33-ல அங்க கொடும் பஞ்சம். 1839-ல புயல் வந்து கடல் ஊருக்குள்ள ஏறிச்சு. அத்தனை பெரிய ஆறு பக்கத்துலயே ஓடுது, கரையில இருக்கிறவன் பசியில சாவுறான். வெட்கமா இல்லையாடான்னு காட்டன் சர்க்காருக்கு எழுதினாரு. இன்னும் கொஞ்சம் மரியாதையாத்தான் எழுதினாரு, அர்த்தம் அதுதான். தவளேஸ்வரத்துல அணை. ஆறு அங்க திட்டுத் திட்டாப் பிரிஞ்சு கிடக்கு, நாலு துண்டாக் கட்டணும். ஆறு எஞ்சினியரு, எட்டு சின்ன எஞ்சினியரு, ரெண்டாயிரம் கொத்தனாரு வேணும்னு எஸ்டிமேட் அனுப்பினாரு. வந்தது என்ன தெரியுமா? கத்துக்குட்டி ஒருத்தன், சர்வேயர் ரெண்டு பேரு, அங்கொண்ணும் இங்கொண்ணுமா தொழில் பழகுற பசங்க சில பேரு. நீ ரெண்டு ஜேசிபி கேட்டு ஒரு மண்வெட்டி வந்தா பேஸ்புக்குல புலம்புறியே, அந்தக் காலத்துலேர்ந்து அதே வழக்கம்தான்னு தெரிஞ்சுக்க.

அங்க அவருக்கு ஒரு ஆள் கிடைச்சாரு, வீணம் வீரண்ணா. தெலுங்குக்காரரு. ஆள் திரட்டுறது, கூலி பாக்குறது, வெள்ளைக்காரன் பேசுறது கூலிக்காரனுக்கும் கூலிக்காரன் முனகுறது வெள்ளைக்காரனுக்கும் விளங்குற மாதிரி எடுத்துச் சொல்றது, எல்லாம் அவரு தலையில. 1847-ல பத்தாயிரம் பேரு ஆத்துல இறங்கினாங்க. 1852-ல அணை முடிஞ்சுச்சு. வீரண்ணாவுக்கு ராய் பகதூர் பட்டம் கிடைச்சுது. கல்லு சுமந்த பத்தாயிரம் பேருக்கு என்ன கிடைச்சுதுன்னு எந்தப் புத்தகத்துலயும் நான் பாக்கல. உன் பேச்சுல வீரண்ணா பேரு இருக்கா? இல்லை. எழுதிக்க. மேடையில பேசுறவன் எவனும் சொல்ல மாட்டான், நீ சொன்னாப் புதுசா இருக்கும். அந்தக் கைதட்டு உனக்கு.

அந்தக் கோதாவரி அணையிலயும் கல்லணைப் பாடம்தான். உள்ள கரடு முரடாக் கல்லும் மண்ணும், மேல மட்டும் சுண்ணாம்பு வச்ச கட்டு. பாறை தேடி ஆத்தைக் குடைஞ்சிருந்தா சர்க்காரு செலவைப் பாத்தே செத்திருக்கும். மலிவாக் கட்டினதாலதான் கட்டவே விட்டாங்க. நம்ம பேரு தெரியாத பாட்டன் கட்டின முறை, காவேரியிலேர்ந்து நடந்து போயி கோதாவரிக்காரனுக்குச் சோறு போட்டுருக்கு. இதை நீ மேடையில சொல்றப்ப கொஞ்சம் மீசையை முறுக்கிக்கலாம். உனக்கு மீசை இல்லையே, சரி, காலரைத் தூக்கிக்க.

தப்பே பண்ணாத ஆளுன்னு நினைக்காதேன்னு சொன்னேன்ல, இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு ஆத்துல ஜெயிச்சதும் மனுஷனுக்குக் கால்வாய் வெறி பிடிச்சுருச்சு. இந்தியா பூரா ஆத்தை ஆத்தோட கோத்து, படகு விடலாம்னாரு. அந்த உற்சாகத்துல துங்கபத்திரா பக்கம் ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, கர்நூல்லேர்ந்து கடப்பாவுக்குக் கால்வாய் வெட்டினாங்க. வெட்டினாங்க, காசும் போட்டாங்க. தண்ணி வந்துச்சு, வாங்கிப் பாய்ச்ச ஆள் வரல. நட்டம். கடைசியில 1882-ல சர்க்காரே எடுத்துக்கிச்சு. டெல்டாக்காரனுக்குத் தண்ணின்னா தெய்வம், கரிசல்காட்டுக்காரனுக்கு வானம்தான் கணக்கு. வானத்தைப் பாத்து வெதைக்கிறவன்கிட்டக் கால்வாயை நீட்டி ரசீது குடுத்தா வாங்குவானா? காவேரிக்குச் சரியான மருந்து எல்லா ஊருக்கும் சரின்னு நினைச்சாரு. பக்திமான்களுக்கு வர்ற வியாதி இது. அவங்களுக்கு ஒரு தடவை பலிச்ச பிரார்த்தனையை ஊர்ல எல்லாருக்கும் எழுதிக் குடுப்பாங்க.

1878-ல சீமைப் பார்லிமென்ட் கமிட்டி முன்னால போயி நின்னாரு. அப்ப எழுபத்தஞ்சு வயசு. அதுக்கு முந்தி ரெண்டு வருஷமாத் தென்னிந்தியாவுல சாவு, தாது வருஷப் பஞ்சம். நான் சொன்னதைக் கேட்டிருந்தா இத்தனை பேரு செத்திருக்க மாட்டாங்கன்னு அவருக்குள்ள கொதிச்சிருக்கும். பஞ்சத்துலயும் கோதாவரி, காவேரி டெல்டா ரெண்டும் தாக்குப்பிடிச்சது அவருக்குக் கையில இருந்த சாட்சி. ஆனா கால்வாய்க் கனவு மிதமிஞ்சிப் போச்சுன்னு அவங்க தலையை ஆட்டினாங்க. சரியாச் சொன்னது பாதி, கூடச் சொன்னது பாதி, ரெண்டையும் சேத்துக் கட்டித் தூக்கிப் போட்டாங்க. கிழவன் பேச்சுல அதுதான் ஆபத்து. நான் பேசுறப்பவும் நீ எதுக்கும் பாதியைத் தள்ளியே கேளு.

கடைசிக் காலத்துல இங்கிலாந்துல டார்க்கிங்னு ஒரு ஊர்ல உட்கார்ந்தாரு. உட்கார்ந்தாரா? தோட்டத்துல ஆழமாக் கொத்திவிட்டு, கோதுமை போட்டு, எத்தனை மணி பிடிக்குதுன்னு எண்ண ஆரம்பிச்சாரு. ஜெனரல் பட்டம், சர் பட்டம், வயசு எண்பதுக்கு மேல, கையில மண்வெட்டி. உங்க பாட்டி என்னைப் பாத்து, 'இந்த வயசுல எதுக்கு அந்தக் கத்திரிச்செடியோட மல்லுக்கட்டுறீங்க'ன்னு கேக்குறால்ல, அவகிட்ட இதைச் சொல்லு.

அதே ஊர்ல அவரு மக ஒரு காரியம் பண்ணுச்சு. அப்பனுக்குத் தப்பாம பொறந்த பொண்ணு. கூலிக்காரங்க சாராயக் கடைக்குப் போகாம இருக்கணும்னு காப்பிக்கடை திறந்துச்சு. காப்பியோட வேத வசனமும் கிடைக்கும். அப்பன் ஊருக்குத் தண்ணி விட்டாரு, மக ஊர்ல 'தண்ணி'யை நிறுத்தப் பாத்துச்சு. எது கஷ்டம்னு நீயே யோசிச்சுக்க. அந்தப் பொண்ணுதான் பின்னால லேடி ஹோப். அப்பன் கதையையும் எழுதுச்சு. இன்னொரு கதையும் சொல்லுச்சு: குரங்கிலேர்ந்து மனுஷன் வந்தான்னு சொன்ன டார்வின், கடைசிக் காலத்துல பைபிளைக் கையில வச்சுக்கிட்டு உருகினாரு, நான் கண்ணால பாத்தேன்னு. 1915-ல அது அச்சுல வந்துச்சு. டார்வின் மக, 'சுத்தப் பொய், எங்கப்பாவுக்கு நோவு வந்தப்ப இந்தம்மா பக்கத்துலயே இல்ல'ன்னு அடிச்சுப் பேசிருச்சு. அப்பன் எழுதினதை ஆத்துல போய் அளந்து பாக்கலாம். மக எழுதினதை எங்க போய் அளக்க? பக்தி ஒண்ணுதான், அளவுகோல்தான் வேற வேற.

1899 ஜூலையில கண்ணை மூடினாரு. பர்மாக் காய்ச்சல்ல இருபத்திரெண்டு வயசுல போயிருக்க வேண்டிய ஆளு, தொண்ணூத்தாறு வயசு இருந்துட்டுப் போனாரு. நோயாளிகளைப் பாத்தா எனக்குப் பயம்டா. அவங்கதான் நம்ம எல்லாரையும் வழியனுப்பிட்டுப் போவாங்க.

இதுக்கு மேலதான் பெரிய கூத்து. கோதாவரிக்காரங்க ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை வச்சிட்டாங்க. குதிரை மேல சிலை, நின்ன சிலை, மாலை, மரியாதை. அணைக்கே அவரு பேரு, பக்கத்துல மியூசியம். 'காட்டன் தொர'ன்னு கையெடுத்துக் கும்புடுறாங்க. சம்ஸ்கிருதத்துல ஒரு சுலோகம் வேற. கோதாவரியில தினம் முழுகுற புண்ணியத்தைக் குடுத்த இங்கிலீஷ்காரப் பகீரதன்னு ஆத்துல நின்னு ஐயருங்க சொல்றாங்களாம். யோசிச்சுப் பாரு. விக்கிரகத்தைக் கும்புடாதேன்னு எழுதியிருக்கிற வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பின மனுஷன். நம்ம சனங்க அவரையே விக்கிரகமாக்கி, சந்தனம் பூசி, சுலோகத்துல உட்கார வச்சிட்டாங்க. மேல இருந்து பாத்தாருன்னா, 'ஆண்டவரே, இது நான் செஞ்ச பாவம் இல்லை'ன்னு மன்னாடிக்கிட்டு இருப்பாரு. மதம் மாத்த ஆள் அனுப்பினவங்க கூட்டத்துலேர்ந்து வந்தவரை, ஒரு வார்த்தை கேக்காம நம்ம பக்கம் மாத்திட்டோம் பாத்தியா? நம்மகிட்டயேவா.

தஞ்சாவூர்க்காரனுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. நாம அவரு பேரையே மறந்தாச்சு. ஆடிப்பெருக்குக்கு ஆத்துக்குப் படையல் வைக்கிறோம், கரிகாலனுக்கு ஒரு கும்புடு போடுறோம், மேட்டூர் தொறந்தா மந்திரிக்கு ஒரு கும்புடு. முக்கொம்புல பூங்கா இருக்கு, ராட்டினம் இருக்கு, மாங்கா கீத்து விக்கிறான். காட்டன்னா, 'எந்தக் கடையில மலிவு?'ன்னு கேப்பான்.

என்ன, கடிகாரத்தைப் பாக்குற? கூட்டம் நாளைக்குத்தானே. பேச்சு கிடக்கட்டும். நம்ம கிளை வாய்க்கா தலைமதகு இருக்கே, மூணாவது பலகை ஒழுகுது. நாலு மாசமா மனு எழுதிப் பாத்தேன், காட்டன் எழுதின அளவுக்கு எழுதிட்டேன். லஸ்கர் வேலைக்கு ஆள் போடலையாம். ராத்திரி தண்ணி பூரா வடிவாய்க்காலுக்குப் போவுது, கடைமடையில குறுவை காயுது. பலகை கெட்டுப்போச்சா, இல்ல அடியில மணல் அரிச்சுத் தரை போச்சான்னு உள்ள இறங்கிக் கால் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். எனக்கு முட்டி மடங்கல.

எந்திரி. போனை இங்கேயே வை, அது தண்ணி குடிச்சா செத்துரும். ஷூவைக் கழட்டு, சாக்ஸையும்தான்டா. பேன்ட்டை முட்டிக்கு மேல மடிச்சுக்க. பாட்டி, அந்தக் கடப்பாரையை எடு!